தம்பி தங்கைக்கு நிரலாக்கம்: எந்த மொழியில் தொடங்கலாம்?

அறிவியல் ஆசிரியர், பெர்மாஸ் ஜெயா

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் உங்கள் தம்பியோ தங்கையோ, “எனக்கும் கம்ப்யூட்டர் கேம் செய்யச் சொல்லிக்கொடு” என்று கேட்டால் எந்த நிரல்மொழியில் தொடங்குவீர்கள்?

பெரியவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக நேரே பைத்தானைத் திறந்துவிடாதீர்கள். 8 வயதுப் பிள்ளை ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டாலே போதும், திரையில் ஆங்கிலத்தில் பிழைச்செய்தி வந்துவிடும். அது புரியாத பிள்ளை, “இது எனக்கு வராது” என்று எழுந்து போய்விடலாம். உண்மையில் அந்தப் பிள்ளையின் சிந்தனையில் குறையே இல்லை. தடுத்தது எழுத்துமுறை மட்டுமே.

நிரலாக்கத்தில் இரண்டு வேலைகள் உள்ளன. எதை, எந்த வரிசையில் செய்வது என்று யோசிப்பது ஒன்று. அதைக் கணினி ஏற்கும் வடிவில் எழுதுவது மற்றொன்று. சிறுவர்களுக்கு முதல் வேலையைத்தான் முதலில் பழக்க வேண்டும்.

ஆமை காட்டிய வழி

1967இல் அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் ஆகியோர் சிறுவர்களுக்காகவே ‘லோகோ’ என்ற மொழியை உருவாக்கினர். பின்னர் அதில் ஓர் ஆமை சேர்ந்தது. ‘முன்னே போ’, ‘வலப்பக்கம் திரும்பு’ என்று கட்டளையிட்டால் ஆமை நகர்ந்து கோடு வரையும். குழப்பம் வந்தால், பிள்ளை தானே ஆமையாக நடந்து பார்த்துத் தவற்றைக் கண்டுபிடிக்கலாம்.

2007இல் எம்.ஐ.டி. ஊடகக் கூடத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’ அதே வழியில் வந்தது. படிவம் 1இல் ‘அசாஸ் சைன்ஸ் கொம்புத்தர்’ பாடம் எடுத்தவர்களுக்கு இது அறிமுகமானதுதான். இதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். பொருந்தாத கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. அதனால் எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை. இது 8 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குப் படக்கட்டைகளால் ஆன ‘ஸ்கிராட்ச் ஜூனியர்’ 2014இல் வந்தது. அதற்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தமிழிலும் ஒரு மொழி

தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு வழியும் உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ முழுக்கத் தமிழ்ச் சொற்களால் ஆன நிரல்மொழி. இந்த நிரலைப் பாருங்கள்:

எண் = 1
@( எண் <= 3 ) வரை
பதிப்பி "வணக்கம்"
எண் = எண் + 1
முடி

இது ‘வணக்கம்’ என்று 3 முறை காட்டும். ஆங்கிலச் சொற்களால் ஆன பெரும்பாலான நிரல்மொழிகளில் ‘இஃப்’, ‘வைல்’ போன்ற சொல் முன்னே வரும், நிபந்தனை பின்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே வருகிறது; ‘வரை’, ‘ஆனால்’ ஆகியவை பின்னே வருகின்றன. ‘மழை பெய்தால்’ என்று நாம் பேசுவதும் இந்த வரிசையில்தானே!

அப்படியென்றால் பைத்தான் வேண்டாமா? வேண்டும், ஆனால் அடுத்த படியாக. தட்டச்சும் ஓரளவு ஆங்கிலமும் பழகிய 11, 12 வயதில் தொடங்கினால் சிரமம் குறையும். லோகோவின் ஆமை பைத்தானிலும் உண்டு என்பதால், பழைய நண்பனோடு புதிய மொழிக்குள் நுழையலாம். மொழி மாறினாலும் ‘வரிசை’, ‘நிபந்தனை’, ‘மீண்டும் செய்’ என்ற மூன்று கருத்துகளும் மாறுவதில்லை.

செய்து பாருங்கள்

கணினியே இல்லாமல் இன்றே தொடங்கலாம். வீட்டு வாசலில் தம்பியை ஆமையாக நிறுத்துங்கள். “3 அடி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு” என்பதை 4 முறை சொல்லுங்கள். அவன் நடந்த பாதை சதுரமாக இருக்கும்.

அடுத்து, சமபக்க முக்கோணம். ஒவ்வொரு முனையிலும் எத்தனை பாகை திரும்ப வேண்டும்? 60 என்று சொல்லத் தோன்றும். நடந்து பார்த்தால் முக்கோணம் மூடாது. ஒரு முழுச் சுற்று 360 பாகை. அதை 3 ஆல் வகுத்தால் 120. இதுவே சரியான விடை.

பாதை தவறும்போது “நீ தப்பாக நடந்தாய்” என்று தம்பியைக் குறை சொல்லாதீர்கள். “நாம் சொன்ன கட்டளையில் எங்கே பிழை?” என்று சேர்ந்து தேடுங்கள். நிரலாளர்களின் அன்றாட வேலையும் அதுதான். அதை விளையாட்டாகப் பழகிய பிள்ளை எந்த மொழியின் பிழைச்செய்தியைக் கண்டும் மிரளாது.