இறங்கி உருட்ட வேண்டாம், ஏறி ஓட்டு!

கூடலூரில் இருந்து தேனி வரை, கம்பம் பள்ளத்தாக்கின் காலனி வீடுகள் பலவற்றில் ஒரு பழைய சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும். பார் வைத்த பெரிய சைக்கிள். புல்லுக்கட்டு ஏற்றி ஏற்றிக் கேரியர் வளைந்திருக்கும். பெடலில் கட்டை போய் இரும்புத் தண்டு மட்டும் மிஞ்சியிருக்கும். திராட்சைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் பல வருடம் ஓடிய வண்டி அது. அந்த வீட்டுப் பிள்ளை பிளஸ் 1 சேர்ந்தால், பள்ளியில் விலையில்லா மிதிவண்டி தருகிறார்கள். பழசுக்குப் பக்கத்தில் புதுசு வந்து நிற்கிறது.

மற்ற வீடுகளில் இது சந்தோஷச் செய்தி மட்டும்தான். காலனி வீட்டில் கூடவே ஒரு எச்சரிக்கையும் வரும். "ஊர்த் தெரு வந்தா இறங்கி உருட்டிக்கிட்டுப் போ தாயி" என்பார் தாத்தா.

அது மரியாதை கற்றுத் தரும் பேச்சு அல்ல. பட்ட அடியில் வந்த பயம். தென் மாவட்டங்களின் பல கிராமங்களில், ஆதிக்க சாதியினர் தெருவில் தலித்துகள் சைக்கிள் ஓட்டக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. எந்தப் பலகையிலும் எழுதி வைக்காத கட்டுப்பாடு. தெரு முனையில் இறங்க வேண்டும், தெருவைத் தாண்டிய பிறகே ஏற வேண்டும். துருப்பிடித்த வண்டியைக் கண்டுகொள்ளாத கண்ணைக்கூட, புதிதாக மின்னும் ஹேண்டில்பார் உறுத்தும். சீட்டில் உட்கார்ந்து போகிறவரின் தலை, திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே போகிறது என்பதே அந்த உறுத்தலுக்குக் காரணம்.

இந்தக் கொடுமையைச் சட்டம் பெயர் சொல்லியே குறித்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டது. 2016 ஜனவரி 26 முதல் திருத்தம் அமலில் உள்ளது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது 3ஆவது பிரிவின்படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சைக்கிள், செருப்பு, புதுத்துணி மூன்றையும் சட்டம் சேர்த்துச் சொல்கிறது. நம் மக்கள் புதிதாக எதை வாங்கினாலும் அதன்மேல் கை வைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

விலையில்லா சைக்கிளுக்கும் இதோடு உறவு உண்டு. தமிழகத்தில் இத்திட்டம் 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கியது. 2005-06இல் எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகார் மாநிலம் 2006இல் 9ஆம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகள் எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் கூடியதைப் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். விடியும் முன்னே அம்மா ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விட, தனியாகப் பள்ளிக்குக் கிளம்பும் நம் பெண் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். யாராவது வழிமறித்து இறங்கச் சொன்னால், அங்கேயே சண்டைக்கு நிற்க வேண்டாம். நாள், நேரம், இடம், பேசிய வார்த்தை, உடன் இருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். பெற்றோருடன் காவல் நிலையம் சென்று புகார் கொடுங்கள். இச்சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியர் மீதும் நடவடிக்கைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. உதவிக்கு 14566 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

பழைய சைக்கிளைக் காயலான் கடைக்குப் போட அவசரப்பட வேண்டாம். ரிம்மைக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையும் பெடல் கட்டையும் மாற்றினால் தம்பி குரங்குப் பெடல் போட்டுப் பழகலாம். தாத்தாவும் அதில் ஏறி, ஒரு நாள் ஊர்த் தெரு வழியாக இறங்காமல் டீக்கடை வரை போய் வரட்டும். பேத்தியின் புது சைக்கிள் முன்னால் போகட்டும்.