தேயிலையைத் தொடாத மருந்தா?

எம்சிபிஏ அகன்ற இலைக் களையைத்தான் கொல்லும், தேயிலைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்களே, உண்மையா? ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2015-இல் இலங்கையில் கிளைபோசேட் என்ற களைகொல்லி தடையானதும் பல தோட்டங்கள் எம்சிபிஏ பக்கம் திரும்பின. ஏற்றுமதித் தேயிலையில் அதன் எச்சம் இருப்பதாக ஜப்பான் எச்சரித்தது. தனி வரம்பு வகுக்காத மருந்துக்கு அங்கே கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடை தளர்ந்தது.

எம்சிபிஏக்குத் தரும் ‘தெரிவுக் களைகொல்லி’ என்ற அடைமொழியை நான் அப்படியே நம்பமாட்டேன். தேயிலையும் அகன்ற இலைச் செடிதானே?

எம்சிபிஏ, செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சின் போல நடிக்கும் மருந்து. வளர்ச்சி மரபணுக்களை ஆக்ஸ்-ஐஏஏ புரதங்கள் அடக்கி வைத்திருக்கின்றன. அவற்றைப் பிடித்து அழிவுக்கு அனுப்புவது டிஐஆர்1 என்ற இன்னொரு புரதம். அதில் ஒரு சிறு குழி இருக்கிறது. ஆக்சின் அதில் அமர்ந்தால்தான் பிடி இறுகும். டிஐஆர்1 தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதில்லை. இரு புரதங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஆக்சின் பசைபோல நிரப்புகிறது, அவ்வளவுதான். 2007-இல் நிங் ஜெங் குழு இந்த அமைப்பை வெளியிட்டது. எம்சிபிஏயின் நெருங்கிய உறவான 2,4-டியும் அதே குழியில்தான் அமர்கிறது.

பிடிபட்ட புரதத்தில் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தாலான சங்கிலி ஏறும். அது நுழைவுச் சீட்டுதான். புரதங்களைச் சிதைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் உண்மையில் பற்றுவது புரதத்தின் தளர்ந்த நுனியொன்றை. அதன் வாயில் ஆறு மோட்டார்கள் வளையமாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் துளைக்குள் ஒரு விரல் நீளும். ஆறு விரல்களும் சுழற்படிபோல ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று நுனியைக் கவ்வும். கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றி இழுப்பதுபோல, அடியிலுள்ள விரல் விட்டு, உச்சிக்கு ஏறி, மறுபடி பற்றும். அந்த இழுப்பிலேயே புரதத்தின் மடிப்புகள் அவிழ்கின்றன. சங்கிலி வாசலிலேயே கழற்றப்படுகிறது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே இதை நுண்ணோக்கியில் உறையவைத்துப் பார்த்தது 2018-இல்தான்.

இயல்பான ஆக்சினைச் செடி சீக்கிரம் அப்புறப்படுத்திவிடும். எம்சிபிஏ அப்படிப் போகாது. அடக்கும் புரதங்கள் அழிந்துகொண்டே இருக்கும், தண்டு முறுகி, களை சாகும்.

என்னை உறுத்துவது இதுதான்: தேயிலையிலும் இதே பிடிதான். ‘களைக்கு மட்டும்’ என்ற வாக்குறுதி மருந்தில் இல்லை, குழாய் முனை எங்கே திரும்புகிறது என்பதில் இருக்கிறது. காற்றில் சாரல் அடித்துக் கொழுந்து சுருண்டால், பழியை மருந்தடித்தவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

கிளைபோசேட்டும் இப்படியா? இல்லை, அது சில அமினோ அமிலங்கள் உருவாவதைத் தடுக்கிறது.

நம் உடலில் புரோட்டியசோம் உண்டா? உண்டு, டிஐஆர்1 இல்லை.

அப்படியென்றால் நமக்குத் தீங்கில்லையா? கண்ணில் பட்டால் கடுமையாகக் கெடுக்கும்; கண்ணாடி தராமல் டேங்கைத் தூக்கச் சொன்னால் மறுங்கள்.