சிராய்ப்புச் சக்கரமும் லீஸ் காரும்

நம்மவர்கள் புனேவுக்கு வேலை தேடி வந்த அந்த நாட்களில் முதலில் வாங்கியது சைக்கிள். பிறகு ஸ்கூட்டர். ஓய்வு பெறும் தறுவாயில், பெண்ணின் கல்யாணமெல்லாம் முடிந்து, பி.எஃப். பணத்தில் மீதி இருந்தால் ஒரு கார். இன்றைக்கு ஹிஞ்சவாடிக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் ஆறாம் மாதமே காரில் போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கார்களில் பாதி அவர்களுடையதல்ல. ஆர்.சி.யில் இருப்பது லீஸ் கம்பெனியின் பெயர். சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். மூன்று நான்கு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது மீதி விலையைக் கட்டிச் சொந்தமாக்கிக் கொள்ளலாம்.

திருப்பிக் கொடுக்கும் நாள்தான் வேடிக்கை. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது வீட்டுக்காரர் சுவரில் ஆணி ஓட்டைகளை எண்ணுவாரே, அதே கதை. காரில் அவர்கள் முதலில் குனிந்து பார்க்கும் இடம் அலாய் வீல்.

இதைப்பற்றி எழுத எனக்கு ஒரு சின்னத் தகுதி உண்டு. போசரியில் ஓர் அலுமினிய வார்ப்படத் தொழிற்சாலையில் 31 வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நான். கடைசிப் பதினைந்து வருடம் கார் சக்கரங்களோடுதான் குடித்தனம்.

சக்கரம் பிறக்கும் கதை

அலாய் வீல் என்பது சுத்த அலுமினியம் அல்ல. சுமார் 7 சதவீதம் சிலிக்கனும், சமையலில் பெருங்காயம் போலத் துளி மக்னீசியமும் சேர்ந்த கலவை. ஏறக்குறைய 700 டிகிரியில் உருக்கி, கீழிருந்து மெல்லிய காற்றழுத்தத்தில் அச்சுக்குள் ஏற்றுவார்கள். வார்த்த சக்கரத்தைச் சுமார் 540 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து, தண்ணீரில் சட்டென்று முக்கி, மறுபடி 150 டிகிரி அளவில் பதமாக வாட்டுவார்கள். அந்தப் பதம்தான் சக்கரத்தின் பலம். அதன்பின் எக்ஸ்ரே, காற்றுக் கசிவுச் சோதனை எல்லாம் தேறினால்தான் பெயின்ட்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த சக்கரம் நடைபாதையின் ஓரக்கல்லிடம் தோற்றுப் போகிறது. கல்லோ கான்கிரீட்டோ அலுமினியத்தைவிடக் கடினம். பழைய இரும்பு ரிம்மின் மேல் பிளாஸ்டிக் மூடி இருந்தது. கீறினால் சில நூறு ரூபாயில் வேறு மூடி மாட்டலாம். அலாய் வீலில் அழகும் பலமும் ஒரே துண்டு. உரசினால் வெள்ளையாகப் பல்லைக் காட்டும்.

இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, முழுக்கப் பெயின்ட் அடித்தது. மற்றொன்று, முகப்பை மட்டும் லேத்தில் மெல்லிசாகச் சீவிப் பளபளப்பாக்கி, மேலே நிறமில்லாத லாக்கர் பூசியது. கடைக்காரர்கள் டைமண்ட் கட் என்பார்கள். முதல் வகையில் சிராய்ப்பைத் தேய்த்து, பட்டி வைத்து, நிறம் சேர்த்து அடித்தால் பார்க்க லட்சணமாகிவிடும். இரண்டாவது வகையை மறுபடி லேத்தில் ஏற்றித்தான் சீவவேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் உலோகம் குறையும். ஒன்றிரண்டு தடவைக்கு மேல் தாங்காது. லாக்கர் கீறின இடத்தில் மழைத் தண்ணீர் நுழைந்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிவதுபோல அரிப்பு ஓடும். புனே மழையில் அதற்கு அதிக நாள் வேண்டாம்.

பக்கத்து ஃபிளாட் தம்பியின் கணக்கு

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஒரு தம்பதி, திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள், அலுவலகம் வழியாக எடுத்த லீஸ் கார் நான்கு வருடம் முடிந்து திருப்பித்தர ஏற்பாடு செய்தார்கள். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு அனுப்பிய பட்டியலில் நான்கு சக்கரமும் "மாற்ற வேண்டும்" என்று இருந்தது. ஒன்றுக்கு 14,500 ரூபாய், ஆக 58,000. அந்தப் பெண் கைக்குழந்தையோடு லீவில் இருக்கிறாள். ஒரு சம்பளத்தில் குடும்பம் நடக்கிறது. பையன் பட்டியலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மாமா, நானா பேட்டில் ஒரு பெயின்டர் இருக்கார். ஒரு வீலுக்கு மூவாயிரம். புதுசு மாதிரி ஆக்கித் தர்றேங்கறார். செஞ்சுடலாமா?"

"தம்பி, முதல்ல சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்போம். அப்புறம் பெயின்டர்" என்றேன்.

கழற்றச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பேச்சுவாக்கில் அவன், முன்பக்க இடது டயருக்கு மட்டும் வாராவாரம் காற்று அடிக்க வேண்டியிருக்கிறது, பஞ்சர் கடையில் பார்த்தும் ஆணி எதுவும் அகப்படவில்லை என்று சொன்னான். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது ரிம்மும் சேர்ந்துதான். டயரில் குற்றமில்லையென்றால் வால்வு அல்லது ரிம்.

சக்கரத்தின் உள்பக்க விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினோம். ஓர் இடத்தில் மெல்லியதாக நுரை கட்டியது. என் பழைய சகா ஒருவரின் பட்டறையில் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பவுடர் தெளித்துப் பார்த்தோம். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த சாயம் பவுடரில் ஊறி வெளியே வரும். வந்தது, விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. ஏதோ குழியில் பலமாக இறங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நான்கில் அதிகம் பளபளத்தது அந்தச் சக்கரம்தான்!

மற்ற மூன்றும் வெறும் சிராய்ப்பு. விளிம்பு வளையவில்லை, காற்றும் கசியவில்லை.

பட்டி பார்த்தால் போதுமா?

பெயின்டரிடம் நான்கையும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவை டைமண்ட் கட் சக்கரங்கள். மொத்தமாகச் சாம்பல் நிறம் அடித்துத் தந்திருப்பார். அசல் முகப்பு போய்விட்டது என்று கம்பெனி அதற்கும் பணம் கேட்டிருக்கும். அதைவிட, வெடிப்பின் மேல் பெயின்ட் ஏறி, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும்.

வெடித்த அலாய் வீலை வெல்டிங் செய்து தருகிறோம் என்று எல்லா ஊரிலும் கடைகள் உண்டு. செய்யக் கூடாது. வெல்டிங் சூட்டில் அந்த இடத்துப் பதம் போய்விடும். வளைந்த விளிம்பை காஸ் விளக்கால் காய்ச்சித் தட்டி நிமிர்த்துவதும் அப்படியே. பெயின்ட் அடுப்பில்கூட 200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் பலம் இறங்கும். சிராய்ப்பு அழகுக் குறை, வெடிப்போ உயிர் விஷயம். இரண்டையும் ஒரே பட்டியலில் போடக் கூடாது.

சொல்வதா, விடுவதா?

இங்கேதான் சங்கடம் வந்தது. கம்பெனியின் பட்டியலில் வெளிச் சிராய்ப்புகள் மட்டுமே இருந்தன. வெடிப்பைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண் நியாயமாகவே கேட்டாள்: "மாமா, அவங்க லிஸ்ட்லயே இல்லாததை நாமளே போய்ச் சொல்லணுமா? இருக்கிற ஐம்பத்தெட்டாயிரமே எங்கிருந்து வரும்னு தெரியலை."

நான் உபதேசம் செய்யவில்லை. லீஸ் முடிந்த கார் எங்கே போகும் என்று மட்டும் சொன்னேன். ஏலத்துக்குப் போகும். யாரோ ஒரு குடும்பம் செகண்ட் ஹேண்டில் வாங்கும். மும்பை எக்ஸ்பிரஸ் வேயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின் சீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருக்கும். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கணவனிடம், "சொல்லிடுங்க" என்றாள்.

சொன்னதோடு கேட்கவும் செய்தோம். அலுவலகம் மூலமாகக் கடிதம் போயிற்று. ஒரு சக்கரத்தில் வெடிப்பு இருக்கிறது, அதை மாற்றும் செலவை ஏற்கிறோம். மற்ற மூன்றும் பழுது பார்க்கக் கூடியவை, லேத்தில் சீவி லாக்கர் பூச ஒன்றுக்கு 4,500 ரூபாய், இதோ பட்டறையின் மதிப்பீடு. மாற்றியே ஆகவேண்டும் என்றால் அதற்கான காரணத்தையும், புதுச் சக்கரம் வாங்கிய பில்லையும் தரவும்.

மூன்று கடிதம், ஐந்து வாரம். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். 14,500-ம் 13,500-ம் சேர்ந்து 28,000. அதுவும் பெரிய தொகைதான். ஆனால் 30,000 மிச்சம். வெடித்த சக்கரத்தைத் திரும்ப யாரும் மாட்டாதபடி அறுத்துப் போட்டதாக எழுதி வாங்கிக்கொண்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு, பிறர் பொருளை வைத்திருப்பவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பது போலக் காத்தால் போதும் என்கிறது. தனி ஒப்பந்தம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறித்திருந்தாலும் அது உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். இழப்பே இல்லாத இடத்தில் இந்தப் பிரிவைக் காட்டி வசூலிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாக்கியிருக்கிறது.

பிரிட்டனில் வாடகை, லீஸ் கம்பெனிகளின் சங்கம் ஒரு கையேடு போட்டிருக்கிறது. ரிம் விளிம்பில் மொத்தம் 50 மில்லிமீட்டர் வரை சிராய்ப்பு இருந்தால் அது இயல்பான தேய்மானம், பணம் கேட்கக் கூடாது. நம் ஒப்பந்தங்களில் "இயல்பான தேய்மானம் நீங்கலாக" என்று பொதுவாக எழுதிவிட்டு அளவு சொல்லாமல் விட்டிருப்பார்கள். கையெழுத்துப் போடுமுன் அந்த அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அலுவலகம் வழியாக இல்லாமல் நீங்களே மாதச் சந்தாவில் எடுத்த கார் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் தரலாம். தமிழிலும் பேசலாம்.

இன்ஷூரன்ஸ்? சின்னச் சிராய்ப்புக்கு அதைத் தொடுவது லாபமில்லை. 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு முதல் 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டவைக்கு 2,000 ரூபாய் நம் கையிலிருந்துதான் போகும். க்ளெய்ம் செய்தால் அதுவரை சேர்த்த நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும்.

லீஸ் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க

1. கார் கைக்கு வரும் அன்றே நான்கு சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். நம்பர் பிளேட்டும் தெரியும்படி ஒரு படம். அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் தேதிக்கு அதுவே சாட்சி.

2. வெளியில் பழுது பார்க்க ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

3. திருப்பித்தர ஒரு மாதம் முன்பே நீங்களே சக்கரங்களைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். ஒரு டயரில் மட்டும் அடிக்கடி காற்று இறங்கினாலோ, ஸ்டியரிங் நடுங்கினாலோ ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

4. மொத்தத் தொகைக்குச் சம்மதிக்காதீர்கள். சக்கரவாரியாக, பழுதா மாற்றா என்று பிரித்துக் கேளுங்கள்.

5. சக்கரம் திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்கச் சொல்லுங்கள். பேலன்சிங் அவசியம். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை முடுக்கம் பாருங்கள்.

6. ஓரக்கல்லை ஒட்டி நிறுத்தும்போது இடது கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்துக்கொண்டால் பின்சக்கரமும் கல்லும் சேர்ந்து தெரியும். செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான்.

நம் குடியிருப்புகளில் இந்த மாதிரிப் பட்டியலோடு தனியாக முழித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இன்னும் இருப்பார்கள். சங்கத்தின் மாதக் கூட்டத்துக்குக் காகிதங்களோடு வரச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க எனக்கு இன்னும் கை நடுங்கவில்லை.