சந்தை மூச்சும் லடாக் மூச்சும்

செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மதகடிப்பட்டுச் சந்தையில், கயிற்றை உருவிக்கொண்டு ஓடிய காளையை விரட்டிப் பிடித்து, மூக்கணாங்கயிற்றை இறுகப் பற்றியபடி, விலா விரிந்து சுருங்க மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நிற்கும் மாட்டுக்காரரைக் காண்பவர், அவர் இரத்தத்தில் பிராணவாயு குறைந்துவிட்டது என்றே எண்ணுவர்; உண்மை அதுவன்று. ஓய்வில் நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் காற்றை இழுக்கும் ஆரோக்கியமான மனிதன் கடும் உழைப்பில் 100 லிட்டருக்கு மேலும் இழுக்கிறான்; அந்நிலையிலும் அவன் தமனி இரத்தத்தில் பிராணவாயு ஏறக்குறைய மாறுவதில்லை. கால் அசைந்த க்ஷணமே, எந்த வாயுவும் குறையவோ மிகவோ தொடங்குமுன், சுவாசம் பெருகிவிடுகிறது. தசைகளை ஏவும் மூளை அதே வேளையில் சுவாச மையத்தையும் ஏவுகிறது. அசையும் கைகால்களிலிருந்து வரும் செய்தியும் அதற்குத் துணைநிற்கிறது. தேவை எழுமுன் ஏற்பாடு செய்துவிடும் இந்த முன்யோசனையைச் சரீரத்தின் அதிசயங்களில் தலையாயதாகவே நான் கருதுகிறேன்.

மலையிலோ குறை மெய்யானது. காற்றில் பிராணவாயுவின் பங்கு இங்கும் லடாக்கின் லே நகரிலும் நூற்றுக்கு 21தான். ஆயினும் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே ஆகையால், ஒவ்வொரு மூச்சிலும் கிட்டும் பிராணவாயுவும் அவ்வளவாகச் சுருங்குகிறது. கழுத்துத் தமனி கிளைபிரியும் இடத்தில் அரிசியளவே உள்ள ஓர் உறுப்பு அதை உணர்ந்து சுவாசத்தை விரைவுபடுத்த, விரைந்த மூச்சோடு கரியமில வாயு மிகுதியாக வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடைய, அக்காரமே மூச்சுக்குத் தடையாகிறது. சிறுநீரகங்கள் சில நாட்களில் அதைச் சரிசெய்த பின்பே உடம்பு மலைக்குப் பழகத் தொடங்கும்.

அந்தச் சில நாட்களுக்குள் உழைப்பும் சேர்ந்தால் விளைவது என்ன என்பதை நம் தேசம் 1962-ஆம் ஆண்டின் சீனப் போரை ஒட்டிக் கண்டது. பழக அவகாசமின்றிச் சமவெளியிலிருந்து மேலே கொண்டுசெல்லப்பட்ட சிப்பாய்களுள் மலைநோயுற்ற 1,925 பேரை ஆராய்ந்து, இந்தர் சிங்கும் அவர் சக வைத்தியர்களும் 1969-இல் வெளியிட்ட கட்டுரை உலக வைத்தியர்கள் இன்றும் எடுத்தாளுவது. திடகாத்திரமான வாலிபர்களின் நுரையீரல்களிலும் நீர் கோத்தது. அந்நீரை உணரும் நரம்பு முனைகளை, அதற்கு முன்பே, 1955-இல், அவ்தார் சிங் பைண்டல் என்னும் நம் விஞ்ஞானி கண்டறிந்திருந்தார்; அவை தூண்டப்பட்டால் மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓடும், கால்களும் சோர்ந்து தளரும் என்பது அவர் கருத்து. ஓடுபவனை நிறுத்தி உட்கார்த்தும் காவல் அது.

இன்று நம் இராணுவம் சுமார் 2,700 மீட்டருக்கு மேற்செல்பவரை முதற்படியில் 6 நாளும், அடுத்த இரு படிகளில் நந்நான்கு நாளும் பழக்கிய பிறகே மேலே அனுப்புகிறது. விமானத்தில் லேயில் போய் இறங்கும் நம்மூர்ப் பிரயாணிக்கு அவ்வாறு பழக்கி அனுப்பும் அதிகாரி யாருமில்லை. சந்தை மூச்சு உட்கார்ந்த சில நிமிடங்களில் தணிந்துவிடும். லேயில் உட்கார்ந்திருந்தும் தணியாத மூச்சோடு இருமலும் சேர்ந்தால், பொழுது விடியக் காத்திராமல் பிராணவாயு கொடுத்து, 1,000 மீட்டரேனும் கீழே இறக்கிவிட வேண்டும்.