மறைந்து நின்ற அம்பும் மலைநாட்டு வேட்டையும்

பதுளை நகரில் புனித மாற்கு ஆலயம் என்று ஒரு பழைய ஆங்கிலத் தேவாலயம் உண்டு. ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில், ஆண்டுக்கொரு முறையேனும் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று காட்டுவது என் வழக்கம். அவ்வாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டது என்றும், அவர் 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார் என்றும் அங்குள்ள நினைவுக்கல் தெரிவிக்கும். ஒருமுறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து படித்த சிறுவன் ஒருவன், "கோயில் கட்டுற அளவுக்கு இவர் என்ன செஞ்சார் சேர்?" என்று கேட்டான். அரசாங்க உதவி ஏசண்டராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், ஊவாவில் வீதிகள் அமைத்தார் என்று விடை சொன்னேன். சொன்னவை யாவும் உண்மை. சொல்லாமல் விட்டதும் ஒன்றுண்டு. அதைச் சொல்லவே இன்று எழுதுகிறேன்.

றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர். இத்தொகையை இலங்கை பற்றி 1859இல் பெருநூல் எழுதிய சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ட் குறித்து வைத்திருக்கிறார். நாளுக்கு ஒன்றாகப் பகுத்தாலும் நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக நாள்தோறும் ஒரு யானை! கால்வே என்ற கப்டன் இதிற் பாதிக்கு மேல் வீழ்த்தினாராம். வீதி அமைப்பாளராகப் புகழ்பெற்ற மேஜர் ஸ்கின்னரும் ஏறக்குறைய அவ்வளவு. வெறும் பொழுதுபோக்கு என்று மட்டும் இதனைத் தள்ளிவிட முடியாது. பயிரை அழிக்கும் பிராணி என்று யானையின் தலைக்கு அரசாங்கமே பரிசுப்பணம் வைத்திருந்த காலம் அது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் 3,500 யானைகளும், தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளும் கொல்லப்பட்டன என்று அதே நூல் கூறுகிறது. தந்தத்துக்காக என்று சொல்லவும் வழியில்லை. நம் நாட்டு யானைகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே கிடையாது. வாலை அறுத்துக்கொண்டு உடலைக் காட்டிலே அழுக விட்டுச் செல்வது அந்நாளைய வேட்டைக்காரரின் பழக்கம்.

றொஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அதன் மேலும் மின்னல் விழுந்து கல் பிளந்தது என்றும், யானைகளின் சாபம் செத்த பின்னும் விடவில்லை என்றும் மலைநாட்டு மக்கள் கதை சொல்வார்கள். சிறுவயதில் அக்கதையை நான் முழுமையாக நம்பினேன். இப்போது நம்புவதில்லை, ஆயினும் அக்கதையைக் கட்டியவர்களின் நியாய உணர்ச்சியை மதிக்கிறேன். சட்டம் கேளாத கேள்வியை அவர்கள் இடியைக் கொண்டு கேட்டார்கள்.

இனி, அந்த வேட்டைக்காரர்கள் தங்களைக் கொலைகாரராக எண்ணினார்களா? இல்லை. அவர்களிடம் ஓர் ஒழுக்கநூல் இருந்தது. நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்த சாமுவேல் பேக்கர், பின்னாளில் ஆபிரிக்கா சென்று 1864இல் அல்பேட் ஏரியைக் கண்டு புகழடைந்தவர், இலங்கை வேட்டையைப் பற்றி 1854இல் ஒரு நூல் வெளியிட்டார். மரையை (வெள்ளையர் அதனை 'எல்க்' என்றே பிழையாக அழைத்தனர்) நாய்களை விட்டுத் துரத்தி, அது திரும்பி நின்று எதிர்க்கும்போது கத்தியோடு நெருங்கிக் கொல்வது அவருக்குப் பெருமகிழ்ச்சி. விளையாட்டின் நேர்மை என்னும் உணர்வோடு வேட்டையைப் பழகும் சிறுவன், வாழ்க்கையில் எந்நிலையிலும் இழிசெயலுக்கு இறங்கமாட்டான் என்பது அவர் கருத்து.

இக்கருத்தை விதியாக்கியவர்கள் அமெரிக்கர். தியோடர் ரூஸ்வெல்ற் 1887இல் நண்பர்களுடன் சேர்ந்து நிறுவிய வேட்டைக் கழகம், நீந்திச் செல்லும் மானைப் படகிலிருந்து சுடுவதையும், பொறிவைத்துப் பிடிப்பதையும், இரவில் தீயொளி காட்டிக் கொல்வதையும் குற்றமாகக் கொண்டது. விலங்கு தன் இயல்பான காட்டில் கட்டின்றித் திரிய வேண்டும். தப்பிச் செல்ல அதற்கு ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். இதனை நேர்வேட்டை எனலாம். ஆபிரிக்காவின் பெருவிலங்கு வேட்டைக்கும் பின்னர் இதுவே அளவுகோலாயிற்று. அந்த ரூஸ்வெல்ற், குடியரசுத் தலைவர் பதவியை விட்டு இறங்கியதும் 1909இல் ஆபிரிக்காவுக்குப் போனார். அரும்பொருட்சாலைக்கு மாதிரி சேர்ப்பதே நோக்கம். தந்தையும் மகனுமாக 512 உயிர்களைச் சுட்டார்கள். விதியில் ஒன்றும் மீறப்படவில்லை. விதி முறையைப் பற்றிப் பேசியதேயன்றித் தொகையைப் பற்றிப் பேசவில்லை.

இவ்விடத்தில் தமிழ் படித்த எவருக்கும் வாலி நினைவுக்கு வராமல் இருக்கமாட்டான். மறைந்து நின்று எய்தது அறமா என்று அவன் கேட்ட கேள்வியைப் பட்டிமன்றங்களில் நாம் எத்தனை முறை கேட்டுவிட்டோம்! வான்மீகியின் இராமன் அதற்குச் சொல்லும் விடைகளுள் ஒன்று, மனிதர் விலங்கை வலையிட்டும் கண்ணி வைத்தும் ஒளிந்திருந்தும் கொல்வதில் குற்றமில்லை என்பது. கம்பரோ அந்த விடையை இராமன் வாயில் வைக்கவில்லை. ஒளிந்து நின்றமைக்குக் காரணம் சொல்லும் பொறுப்பை இலக்குவனிடம் விட்டார். மேடையில் வழக்காடுவோர் இதனைக் கம்பரின் தயக்கம் என்பர். எனக்கும் அப்படியே படுகிறது. விலங்காயினும் மறைந்து கொல்வது பற்றி எளிதில் ஒரு சொல் சொல்லிவிட அந்தக் கவிஞருக்கு மனம் வரவில்லை போலும்.

என் மனம் இந்தக் கேள்வியில் சிக்கிக்கொண்டது புத்தகத்தால் அன்று. 1959ஆம் ஆண்டு மார்கழி மாதம், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டா. எனக்கு ஒன்பது வயது. அப்பா அங்கே கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. துரைக்கு வேட்டைப் பைத்தியம் உண்டு. அவர் காட்டுக்குப் போகும் நாட்களில் தடம் பார்க்கவும் காடு கலைக்கவும் அப்பாவை அழைப்பார். அந்தத் துரை பொல்லாதவர் அல்லர். மரத்தில் அமர்ந்திருக்கும் பறவையைச் சுடமாட்டார், பறக்கவிட்டே சுடுவார். பெண்மரையைத் தொடமாட்டார். காயம்பட்டு ஓடிய பன்றி ஒன்றை, அட்டைக்கடியோடு இருட்டும்வரை தேடிக் கண்டுபிடித்து வேதனை தீர்த்தபின்தான் பங்களாவுக்குத் திரும்பினார் என்று அப்பா மதிப்போடு சொல்லியிருக்கிறார்.

லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. மரவள்ளியும் வற்றாளையும் போட்டிருந்தோம். அவ்வாண்டு காட்டுப்பன்றிகள் மூன்று இரவில் முக்காற்பங்கைக் கிளறிவிட்டன. அப்பா சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டுப் பன்றித் தடத்தில் கட்டினார். தோட்டத்தில் பலரும் செய்வதுதான். பன்றி விழுந்தால் பயிருக்குக் காவல். நான்கு வீட்டுக்கு இறைச்சி.

இரண்டாம் நாள் விடியற்காலையில் அப்பாவோடு நானும் போனேன். சுருக்கில் இருந்தது சிறுத்தை. கம்பி அதன் இடுப்பில் இறுகியிருந்தது. கட்டிய மரத்தைச் சுற்றி, கம்பி எட்டிய தூரம் வரைக்கும், புல் இல்லை, பூண்டு இல்லை, உழுத நிலம்போல் மண் வட்டமாகக் கிளறிக் கிடந்தது. எங்களைக் கண்டதும் அது எழ முயன்றது, பின்னங்கால்கள் எழவில்லை. அப்பா என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "ராவெல்லாம் சுத்தியிருக்குடா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவர் பேசாமல் விட்டிருக்கலாம். அல்லது ஆட்களைக் கூட்டி அடித்துக் கொன்று புதைத்திருக்கலாம். நேரே பங்களாவுக்குப் போய்ச் சொன்னார். துரை துப்பாக்கியும் கமராவும் கொண்டு வந்தார். பத்தடி தூரத்தில் நின்று ஒரே வெடி. அதுவரை அவர் செய்ததில் ஒரு பிழையும் நான் காணேன். பிழைக்காத உயிரின் வேதனையைத் தீர்ப்பது இரக்கமே. அதன் பின்பு கம்பியை அறுத்து எடுக்கச் சொன்னார். கிளறிய மண்ணிலிருந்து தூக்கி, சற்று அப்பால் இருந்த ஒரு பாறையின்மேல் சிறுத்தையைக் கிடத்தச் சொன்னார். தலை நிமிர்ந்து நிற்கத் தாடைக்குக் கீழே ஒரு கல்லும் வைக்கச் சொன்னார். துப்பாக்கியோடு அருகே முழங்காலிட்டார். நண்பர் ஒருவர் படம் எடுத்தார். பல்லாண்டு கழித்து அப்படத்தைப் பங்களாச் சுவரிலே நான் பார்த்தேன். நல்ல படம். கம்பியும் இல்லை, மண்வட்டமும் இல்லை.

அன்று பிற்பகல் பிரட்டுக்களத்தில், கண்ணி வைப்பது கோழையின் வேலை என்று துரை ஆங்கிலத்தில் சொன்னார்; கணக்கப்பிள்ளை அதைத் தமிழாக்கினார். அப்பாவுக்கு மூன்று நாள் பேர் இல்லை.

துரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. அதற்காக இதை எழுதவில்லை. நேர்வேட்டை என்னும் விதியை அவர் மனமார நம்பினார், பல நாள் கடைப்பிடித்தார். ஆனால் அவ்விதி துப்பாக்கியும் ஓய்வும் உணவும் உள்ளவன் தனக்குத் தானே இட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அதில் அவனுடைய மதிப்புக் காக்கப்படுகிறது. அந்த மதிப்புக்காகவே படத்திலிருந்து கம்பியை எடுக்க வேண்டியதாயிற்று. யானையைச் சுடுவதில் குறிபார்க்கும் திறமைக்கு மிகக் குறைந்த வேலையே உண்டு என்று ரெனன்ட் அன்றே ஏளனமாக எழுதினார். படைச்செருக்கு அதிகாரத்தில் முயலையும் யானையையும் எதிரெதிரே நிறுத்தி வீரத்தை அளந்த வள்ளுவர், அருகில் நின்று தலையில் வெடிவைக்கும் 1,400 வெற்றிகளை எந்தத் தட்டில் வைத்திருப்பாரோ!

அதற்காக அப்பாவின் கம்பியை நான் நியாயப்படுத்தவும் மாட்டேன். துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு கண்ணாவது இருக்கிறது; பெண்மரை என்று கண்டால் விரலை எடுத்துவிடும். கம்பிக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்தது சிறுத்தையைப் பிடிக்கும், மரையைப் பிடிக்கும், வளர்த்த நாயையும் பிடிக்கும். பிடித்ததை உடனே கொல்லவும் செய்யாது. மூன்று நாள் பேர் போனதைப் பற்றி அப்பா பின்னாளில் ஒருபோதும் முறையிட்டதில்லை. அந்த மண்வட்டத்தைப் பற்றித்தான் சாகும்வரை பேசினார்.

வேட்டைக்காரரே காவற்காரரான வரலாறும் இம்மாகாணத்தில் உண்டு. போவர் யுத்தத்தில் பிடிபட்ட தென்னாபிரிக்கக் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை 1900இல் தியத்தலாவையில் முகாமிட்டு வைத்தார்கள். பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாது போன எங்கெல்பிரெக்ற் என்பவர், பின்னர் யால காட்டின் முதற் காவலராக நியமிக்கப்பட்டார். அக்காட்டின் ஒரு பகுதி உரிமம் பெற்ற வேட்டைக்காரருக்கென ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. 1937இல் தாவர விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1938இல் யால தேசியப் பூங்காவாயிற்று. துரைமாரின் துப்பாக்கி மெல்லமெல்லச் சுவரேறியது.

கம்பி மட்டும் இறங்கவில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையை நாடே பார்த்தது. உடவளவைக்குக் கொண்டு சென்று மருந்திட்டும் அது பிழைக்கவில்லை. அரிய கருநிறம் என்பதால் செய்தியாயிற்று. புள்ளிச் சிறுத்தைகள் சிக்கிச் சாவது மலைநாட்டில் மீண்டும் மீண்டும் நடக்கிறது.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, என் பழைய மாணவன் ஒருவனைப் பார்க்க அவன் லயத்துக்குப் போனேன். இப்போது அவனுக்கும் நரை கண்டுவிட்டது. போஞ்சிப் பாத்தி இரண்டு முழுவதும் பன்றி கிளறிக் கிடந்தது. வாசல் நிலைக்கருகில் ஆணியில் கம்பிச் சுருள் ஒன்று தொங்கியது. நான் அதைப் பார்ப்பதை அவனும் பார்த்தான். "வேற என்ன சேர் செய்ய? சொல்லுங்க, அதையே செய்யிறேன்" என்றான். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். வேலி அமைக்க உதவி கேட்டு வனசீவராசிகள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதி, படித்தும் காட்டினேன். கையொப்பமிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு என்னை வழியனுப்ப எழுந்தான். ஆணியில் இருந்த கம்பியை அவன் எடுக்கவுமில்லை, எடு என்று நான் சொல்லவுமில்லை.