பணிக்குச் செல்லும் தாயும் பச்சிளங் குழந்தையும்

தாய்ப்பாலின் சிறப்பைப் பேசாதவர் இல்லை. ஆனால் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுப் பணிக்குச் செல்லும் தாய் என்ன செய்வாள் என எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

“வேலைக்குப் போனாள், பால் வற்றிவிட்டது” என்பார்கள். பாலை வற்றச் செய்வது வேலையன்று. மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் புதிதாகச் சுரக்கும். தேங்கினால் சுரப்புக் குறையும். ஆகவே பிரிந்திருக்கும்போதும், குழந்தை பசியாறும் வேளைகளில் தாய் பாலைக் கையால் பீய்ச்சி எடுக்க வேண்டும்.

சுத்தமான மூடிய பாத்திரத்தில், 25 டிகிரிக்கு மிகாத அறையில், இப்பால் 4 மணி நேரம் கெடாது. நமது கோடையிலோ குளிர்சாதனப் பெட்டியே ஏற்றது. காப்பகத்தார் அதை அடுப்பில் ஏற்றாமல், பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்துக் குளிர் நீக்கிப் பாலாடையால் புகட்டலாம்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு 2 இடைவேளைகளை 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை அங்கே சென்று வரலாம் என 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது.

ஏட்டில் சட்டம் இருந்தால் போதுமா? எழுந்து செல்லும் தாயை முகஞ்சுளிக்காமல் அனுப்பும் மேலதிகாரியும் வேண்டும். நாளை அந்நாற்காலிகளில் அமரப்போகும் மாணவ நண்பர்களே, இதை நினைவிற் கொள்வோம்!