கைக்குள் உலகம் – 14: "ஆர் கேப்பினம்?"

அளவெட்டியில் தனியாக இருக்கும் பெரியம்மாவுக்கு மகன் ரொறன்ரோவிலிருந்து ஸ்மார்ட் போன் ஒன்று அனுப்பியிருந்தார். பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்ததும் பெரியம்மா கேட்டார்: "தம்பி, இதில கதைச்சா ஆர் கேப்பினம்?"

பக்கத்தில் நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளை சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தொடரில் இதுவரை எழுதியவற்றுக்குள் இதைவிடப் பெறுமதியான கேள்வி வந்ததாக நினைவில்லை.

பெரியம்மாவின் தலைமுறைக்கு அந்தக் கேள்வி சும்மா வரவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. வெளிநாட்டுப் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். எழுதி அனுப்பலாமென்றால், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் குடும்பச் செய்திப் படிவத்துக்கு உறை கிடையாது. வீட்டு நலம் மட்டும் எழுதலாம். வழியில் எவரும் வாசிக்கலாம். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போன மாதங்களும் உண்டு. 2002 போர் நிறுத்தத்துக்குப் பின் ஊரெங்கும் தொலைத்தொடர்பு நிலையங்கள் வந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று மகனோடு கதைக்கும்போது, வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு நகை அடகும் மகளின் சம்பந்தமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். சொல்ல வேண்டியதைப் பாதியில் விழுங்கிவிட்டுப் பேசப் பழகிய மனிதர்கள் இவர்கள். அவர்களுக்கு ஒரு செயலியைத் தெரிவு செய்து கொடுக்கும்போது, 'வயசானவைக்கு என்ன இரகசியம்' என்று நாம் நினைக்கக் கூடாது.

சரி, யார் கேட்பார்கள்?

நடுவழியில் கேட்பது இப்போது மிகவும் கடினம். அனுப்புகிறவரின் போனிலேயே செய்தி பூட்டப்பட்டு, பெறுகிறவரின் போனில் மட்டும் திறக்கும். இடையில் இருக்கும் நிறுவனத்தாலும் வாசிக்க முடியாது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாருக்கும் இதைக் கொண்டுவந்தது. அதற்கு எடுத்துக்கொண்ட நுட்பம் சிக்னல் செயலியை உருவாக்கியவர்களுடையது. நம்மவர்கள் நெடுநாள் நம்பியிருந்த வைபரும் அதே ஆண்டில் அந்த வழிக்கு வந்தது. டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கு இந்தப் பூட்டு இல்லை. இரகசிய உரையாடல் என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு. எழுபது வயதைத் தாண்டியவரிடம் ஒவ்வொரு முறையும் அதைத் தேடித் திறக்கச் சொல்ல முடியாது என்பதால் அதை இங்கேயே விட்டுவிடலாம்.

என்ன கதைத்தோம் என்பதைத் தவிர, யாரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கதைத்தோம் என்பதும் ஒரு செய்திதான். வாட்ஸ்அப்பை 2014இல் பேஸ்புக் 1,900 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. விளம்பரத்தால் வாழும் அந்த நிறுவனத்துக்கு இத்தகைய விபரங்களின் பெறுமதி தெரியும். வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் அக்டன் 2017இல் வெளியேறி, அடுத்த ஆண்டு 5 கோடி டொலர் கொடுத்து சிக்னல் அறக்கட்டளை தொடங்கத் துணைநின்றார். சிக்னல் இலாப நோக்கற்றது, விளம்பரம் இல்லை. 2016இல் அமெரிக்க நீதிமன்றமொன்றின் ஆணை அவர்களிடம் ஒரு பயனரின் விபரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் ஆகிய இரண்டை மட்டுமே கொடுக்க முடிந்தது. வேறெதையும் அவர்கள் சேமித்து வைத்திருக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பெரியம்மாவின் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை. ஏனென்றால் எங்கள் ஊர்களில் ஓட்டை நடுவழியில் இல்லை. போன் கடையில் இருக்கிறது.

வயதானவர் ஒருவர் புதுப் போனோடு கடைக்குப் போகிறார். கவுண்டரில் நிற்கும் பெடியன் நல்ல மனதோடுதான் எல்லாவற்றையும் செய்து கொடுக்கிறான். ஜிமெயில் கணக்கு ஒன்று வேண்டும் என்பதால் தானே ஒரு பெயரைப் போட்டுத் திறக்கிறான். கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும், சில வேளை அவனுக்கும் மறந்துபோகும். அடுத்து வாட்ஸ்அப் போடுகிறான். உரையாடல்களைக் கூகுளில் காப்புப் பிரதி எடுக்கவா என்று அது கேட்கிறது. ஆம் என்று அழுத்துகிறான். அந்தக் காப்புப் பிரதிக்கும் பூட்டுப் போடும் வசதியை வாட்ஸ்அப் 2021இல் கொடுத்தது; ஆனால் அதை நாமே போய்ப் போட வேண்டும். போடாவிட்டால் பெரியம்மா மகனோடு பரிமாறிய செய்தியும் படமும், வேறொருவர் கடவுச்சொல் வைத்திருக்கும் கணக்கில் போய்க் குவியும். வழியெல்லாம் பூட்டி வந்த செய்தி, கடைசியில் அந்தக் காப்புப் பூட்டு இல்லாமல் கிடக்கும்.

இன்னொன்று, இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதி. திறந்த போன் ஒரு நிமிடம் கையில் கிடைத்தால், அதைக் கொண்டு ஒரு கணினியின் திரையில் உள்ள சதுரக் குறியை ஸ்கான் செய்து, அன்றிலிருந்து எல்லாச் செய்தியையும் அங்கிருந்தபடி வாசிக்கலாம். வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் இந்த வசதி இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரின் போனில் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத சாதனம் எதுவும் இருந்தால் உடனே நீக்குங்கள்.

பெரியம்மாவுக்கு நான் சிக்னலைத் தெரிவு செய்தேன். ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் பழகிய ஒருவராக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன். கும்பிளாவளைப் பிள்ளையார் கோயில் செய்தி, ஊர்ச்சங்கச் செய்தி, மரண அறிவித்தல் எல்லாம் இன்று வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகின்றன. அதில் பழகியவரைப் பிடுங்கி எடுப்பது அவரை ஊரிலிருந்து பிடுங்குவதற்குச் சமம். அப்படிப்பட்டவருக்கு வாட்ஸ்அப்பையே விட்டு, காப்புப் பிரதிக்குப் பூட்டுப் போட்டு, இரு படிச் சரிபார்ப்பை இயக்கி, தெரிந்தவர்கள் மட்டுமே குழுக்களில் சேர்க்கலாம் என்று மாற்றி, தெரியாத இலக்கங்களின் அழைப்பு ஒலிக்காதபடி செய்துவிட்டால் போதும். பெரியம்மா புதிதாகத் தொடங்குகிறவர். அவருக்குக் கதைக்க வேண்டியவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகள்தான். ஊர்ச் செய்தி அவருக்கு வேலிக்கு மேலால் வரும்.

சிக்னலில் அவரைக் குழப்பும் விஷயங்கள் கொஞ்சம் இருந்தன. அது இடைக்கிடை பின் (PIN) இலக்கத்தைக் கேட்கும். மறந்துவிடாமல் இருக்க நினைவூட்டுகிறதாம். பெரியம்மாவுக்கோ யாரோ வாசலில் மறித்து அடையாள அட்டை கேட்பது போல இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அமைப்புகளில் கணக்கு என்ற இடத்துக்குப் போய் அந்த நினைவூட்டலை நிறுத்தினேன். இலக்கத்தை அவருடைய சாமி அறைக் கொப்பியில் எழுதி வைத்தோம். ஸ்டோரீஸ் என்ற பகுதியையும் அணைத்துவிட்டேன். எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, பிள்ளைகளின் பெயர்களை மேலே குத்தி வைத்தேன். ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசி விடுவதை அவர் உடனே பிடித்துக்கொண்டார். தட்டச்சு தேவைப்படவே இல்லை. இப்போது காலை விளக்கேற்றியதும் மூன்று நாட்டுக்கும் மூன்று குரல் செய்தி போகிறது.

தெரியாதவர் ஒருவர் எழுதினால் சிக்னல் அதை நேரே உள்ளே விடுவதில்லை. ஏற்பதா, தடுப்பதா என்று முதலில் கேட்கும். தடுப்பதை மட்டும் அழுத்தச் சொல்லியிருக்கிறேன். எந்தச் செயலியானாலும் ஒரு கட்டளை பொது: போனுக்குக் குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கங்களை, கேட்பது பெற்ற மகனாக இருந்தாலும் சொல்லக் கூடாது. அந்த ஆறு இலக்கத்தை வாங்கிக் கணக்கைக் களவெடுத்து, பின் அதே பெயரில் உறவினரிடம் அவசரமாகக் காசு கேட்பதுதான் இப்போது நடக்கிற மோசடி. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடென்றால் இன்னும் குறி வைப்பார்கள்.

வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் டேட்டா விஷயத்தையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப், பேஸ்புக் ஆகியவற்றுக்கு மட்டுமான மலிவு பக்கேஜ் போட்டால் சிக்னல் அதற்குள் வராமல் ரீலோட் காசு கரையும். அதோடு, வைஃபையில் கதைத்துக்கொண்டு சிம்முக்கு ரீலோட் போடாமலே விடுகிறவர்கள் பலர். நீண்ட காலம் அப்படி விட்டால் இணைப்புத் துண்டிக்கப்பட்டு, அந்த இலக்கம் பிறகு இன்னொருவருக்குப் போகக்கூடும். கணக்கு அந்த இலக்கத்தில்தான் நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

எந்தச் செயலியும் ஒரு நாள் வேலை செய்யாமல் போகலாம். இலங்கையில் இது கற்பனை இல்லை. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பின் தடை ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் வீதிக்கு இறங்கிய நாட்களில், மறுபடியும் தடை. அன்று பின்னேரமே எடுத்தார்கள். ஊரில் என்ன நடக்கிறதோ என்று பிள்ளைகள் பதறும் நாட்களில்தான் அந்தச் சின்னங்கள் வேலை செய்யாமல் நிற்கின்றன. ஆகவே சாதாரண அழைப்பைக் கைவிடாதீர்கள். பெரியம்மா வீட்டுக் கலண்டருக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் இலக்கங்களும் பக்கத்து வீட்டு இலக்கமும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கின்றன. அதே போல அவருடைய இலக்கம் பிள்ளைகளிடம் தாளில் இருக்க வேண்டும்.

கடைசியாக, வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. அம்மாவின் பாதுகாப்புக்காக என்று சொல்லி அவருடைய செய்திகளைத் தங்கள் கணினியில் இணைத்து வைத்து வாசிப்பவர்களை நான் அறிவேன். அவர்களுடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் அது தவறு. தங்கையோடு மனத்தாங்கல், யாருக்கோ கொடுத்து வராத காசு, ஒருத்தரிடமும் சொல்லாத நோவு என்று அம்மாவுக்கும் தனியாக ஒரு வாழ்க்கை இருக்கிறது. நடுவழியில் எவரும் கேட்கக் கூடாது என்றால், மகனும் கேட்கக் கூடாது. உதவி தேவையென்றால் அவரைக் கேட்டு, அவர் கண் முன்னால் செய்யுங்கள்.

செயலியை முதலில் உங்கள் போனில் போடுங்கள். அண்ணன், தங்கை, மருமக்கள் எல்லாரும் போட்ட பிறகே பெரியவரின் போனில் போடுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பழைய செயலியில் நின்றாலும் அவரைத் தேடி அம்மா மறுபடி அங்கேதான் போவார். இந்த வாரமே அதைச் செய்யுங்கள்.

(தொடரும்)